தந்தையின் தொழில்: சொந்தத் தோட்டம்

மலைக்கு வேலை போட்டால் மூன்று வருடத்தில் இறக்கிவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இன்னும் இறங்கவில்லை.

நடுவட்டத்துக்குக் கீழே, கூடலூர் போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒன்றரை மைல் நடந்தால் என் பள்ளிக்கூடம் வரும். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியை. தலைமையாசிரியை என்று போர்டில் எழுதியிருந்தது. யாருக்குத் தலைமை என்று கேட்டால் எனக்கு நானேதான். நான் அன்னூர்ப் பக்கத்துக்காரி. வெயிலும் புழுதியும் தெரியும். தூரத்தில் வருகிற பஸ்ஸைப் புழுதியை வைத்தே எந்த ஊர் பஸ் என்று சொல்லிவிடுவேன். இங்கே ஜூன் பிறந்தால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. ஆகஸ்டு முடிகிறவரை துணி காயாது, தீக்குச்சி பற்றாது, புத்தகமெல்லாம் பூசணம் பிடிக்கும். என் கோபம் ஒன்றுதான் பூசணம் பிடிக்காமல் இருந்தது.

நான் இனிமையான டீச்சர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை அடித்ததில்லை. அதற்குப் பதிலாகப் பேசுவேன். நாலு அடி போட்டிருந்தால்கூடத் தேவலை டீச்சர் என்று, வளர்ந்து ஆளான பிறகு இரண்டு மூன்று பேர் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் பதிந்துவைத்து வருடக்கணக்கில் காத்திருந்து, இருபத்தெட்டு வயதில் உத்தரவு வந்தபோது அது இந்த மலைக்கு என்று இருந்தது. கிடைத்த வேலையை விடவும் முடியாது, வந்த இடத்தில் ஒட்டவும் முடியாது. அப்படிப்பட்டவள் வாயிலிருந்து தேனா வழியும்?

நான் வந்து சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். சேர்ந்த வாரமே ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. சேர்க்கைப் பதிவேடு என்று தடித்த நோட்டு ஒன்று உண்டு. பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தந்தையின் தொழில் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மையால் எழுத வேண்டும். எழுதியது எழுதியதுதான். அடிக்கவோ சுரண்டவோ கூடாது.

சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் மேலே இருந்த எஸ்டேட்டில் வேலை பார்த்தன. அதில் ஒருத்தி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள், ஐந்து வயதுப் பெண்குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். குழந்தை முழங்கால்வரை தொங்குகிற பெரியவர் ஸ்வெட்டர் போட்டிருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அப்பா என்ன பண்றாருங்க?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல இருக்காரு டீச்சர்."

"சொந்தத் தோட்டங்களா?"

"ஆமா டீச்சர், நம்ம தோட்டந்தான். அந்தா, மேல தெரியுது பாருங்க."

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணறு, மோட்டார், நாலு தென்னை, நிலத்துக்கு வரப்பு, வரப்புக்கு ஒரு வழக்கு. தோட்டங்காட்டோடு மாப்பிள்ளை கிடைத்தால் பெண்ணைப் பெற்றவன் ஜாதகத்தைக்கூட இரண்டாம் தடவை பார்க்க மாட்டான். அதனால் நான் கொஞ்சமும் யோசிக்காமல் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயம், சொந்தத் தோட்டம்’ என்று அழகாக எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இவ்வளவு வசதி இருந்தும் பிள்ளையின் மூக்கைத் துடைக்கத் தோன்றவில்லையே என்று மனதுக்குள் அவளை ஒரு குத்தும் குத்தினேன். அன்று மாலைக்குள் அதே மாதிரி இன்னும் ஆறு பேர் வந்து தோட்டம் என்றார்கள். ஆறு பேருக்கும் அதையே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்குழந்தை நாலு நாள் வரவில்லை. தேடிக்கொண்டு மேலே போனேன். வரிசையாகத் தகரக் கூரை போட்ட லயம். ஒரு வீட்டுக்கு ஓர் அறை, ஒரு அடுப்பு. அம்மாக்காரி காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க தோட்டம் எங்கீங்க?" என்று கேட்டேன்.

அவள் வெளியே வந்து கையை நீட்டி, இந்த மலையிலிருந்து அந்த மலைவரை காட்டினாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. "இது பூரா நம்ம தோட்டந்தான் டீச்சர்."

"யாரு பேர்லீங்க?"

"கம்பெனி பேர்லதான்" என்றாள், இதையெல்லாம் ஒரு டீச்சர் கேட்பாளா என்கிற முகத்தோடு. "நமக்கு அதுல ஒரு நாளைக்கு ஒரு பேரு. கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு."

சிலோனில் எஸ்டேட்டைத் தோட்டம் என்றுதான் சொல்வார்களாம். ஒருநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். எந்தத் தோட்டத்தில் பிறந்தாய், எந்தத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள் என்று அங்கே ஊர் கேட்கிற மாதிரி கேட்பார்களாம். ஒரு செடிகூடச் சொந்தமில்லாத ஏழு ஆட்களை நான் நிலக்காரர்கள் ஆக்கிவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பதிவேட்டைத் திருத்த வேண்டுமென்றால் தவறு நடந்தது எப்படி என்று விளக்கம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். சேர்ந்து இரண்டே மாதம். வந்ததும் வராததுமாக ஏழு தப்பு என்று நானே எழுதிக் கொடுக்கவா? அந்தக் கட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மேலே வந்த அடுத்த மாதமே அவரும் வந்து, பக்கத்து டீ பேக்டரியில் கிளார்க்காகச் சேர்ந்தார். நான் மலையைப் பார்த்துக் கண்ணீர் விட்டேன் என்றால் அவர் ரோட்டோரம் சும்மா ஓடுகிற தண்ணீரைப் பார்த்துச் சொக்கிப் போனார். காய்ந்த பூமியில் நாற்பதடிக் கிணற்றில் வாளி விட்டு வளர்ந்த மனிதர். நாலாம் வருடம், பேரியும் பிளம்ஸும் நிற்கிற ஒரு பழைய பழத்தோட்டத்தை, அதற்குள்ளே இருந்த ஓட்டு வீட்டோடு வாங்கினார். என் பெயரில் பத்திரம் எழுதினார். "உனக்குத்தான் புள்ள" என்றார், ஏதோ நகை வாங்கிக்கொண்டு வந்த மாதிரி. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தவளை நிலத்தில் நட்டுவிட்டார். ஊரான் ஏழு பேரைத் தோட்டக்காரர் ஆக்கியவளுக்கு எட்டாவதாக இதுவும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழத்தோட்டம் என்றதும் படத்தில் பார்ப்பது போல் நினைத்துவிட வேண்டாம். டிசம்பரில் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது, கிளையில் படிந்திருக்கும் பாசியை ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். பழைய சாக்கும் மொட்டைக் கத்தியும் கொண்டு, விரல் விறைக்கிற குளிரில். பிறகு நோய் விழாமலிருக்கத் துருசையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிக்க வேண்டும். பிப்ரவரியில் பூக்கும், பூத்திருக்கும்போது மட்டும் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் மழையில் பாதி காய் உதிரும். மிச்சத்தில் குரங்கு வரும். குரங்கு ஒரு காயைத் தின்றுவிட்டுப் போனால் கோபமில்லை. ஒரு கடி கடித்துவிட்டுத் தூக்கிப் போட்டு, அடுத்ததைப் பறிக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், வீட்டில் குரங்குகள். நாள் முழுக்கக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனதுதான் கண்ட பலன். பேரிக்காயை நான் வாயில் வைத்து இருபது வருடமாகிறது.

வருடா வருடம் மே மாதம் மாறுதலுக்கு விண்ணப்பம் போடுவேன். வருடா வருடம் கிடைக்காது. காரணம் எளிது. நான் கீழே போக வேண்டுமானால் யாராவது மேலே வர வேண்டும், எவரும் வருவதாக இல்லை. ஊரில் அம்மா தனியாக இருந்தாள். ஊட்டுக்கு எப்ப வருவே என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாள். இந்த வருசம் வந்துருவேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன். டீச்சர் இந்த வருசம் ஊருக்குப் போறாங்களாம் என்பது லயத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. நானும் அதைப் பேசாத நாளில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில், எங்கள் ஊர்ச் சந்தை, எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு, இவையெல்லாம் அந்த மலைப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். பாடத்தைக் கேட்டால் முழிப்பார்கள். அன்னூர்ச் சந்தை என்று கூடும் என்று கேட்டால் ஒரே குரலில் சொல்வார்கள்.

நடுவில் கொஞ்ச காலம் தேயிலை நல்ல விலைக்குப் போனது. உருளைக்கிழங்கு போட்டவர், முட்டைக்கோஸ் போட்டவர் எல்லோரும் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை நட்டார்கள். என் வீட்டுக்காரரும் பிளம்ஸ் மரம் அத்தனையையும், பேரியில் பாதியையும் வெட்டித் தள்ளிவிட்டுத் தேயிலை நட்டார். "ஏனுங்க, காய்க்கிற மரத்தை வெட்டறீங்களே" என்றேன். "பேக்டரியில தெனமும் பாக்கறனில்ல, இலை வந்தா போதும், வாசல்ல வந்து நின்னு எடுத்துட்டுப் போவாங்க" என்றார். செடி பறிக்கிற பருவத்துக்கு வந்த வருடம் விலை விழுந்தது. விழுந்தது என்றால் எழுந்திருக்காதபடி விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டவில்லை. கொண்டுபோன இலையை பேக்டரிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. ரோட்டோரத்தில் சாக்குச் சாக்காகக் கொட்டிவிட்டுப் போனார்கள். அது அங்கேயே கறுத்து, புளித்து நாறியது. மேலே இருந்த எஸ்டேட் முதலில் வாரம் மூன்று நாள் என்றது, அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ஆபீசைப் பூட்டிவிட்டு மேனேஜர் கீழே போய்விட்டார். என் வீட்டுக்காரரின் பேக்டரியும் நின்றது.

அவர் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, வெட்டின பேரி மரத்தின் கட்டைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் அங்கேயே இருப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு பேராகக் குறைந்துகொண்டே போனார்கள். திருப்பூருக்குப் போகிற குடும்பங்களுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதி எழுதி நோட்டு தீர்ந்துபோனது. எல்லோரையும் நான் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினேன். என்னை அனுப்பத்தான் ஆளில்லை.

அப்போதுதான் வந்தது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு, எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம். அம்மா வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். பஸ் நிறுத்தத்துக் கடையில் ஒரு போன் இருந்தது. அங்கிருந்து தெரிந்த கிளார்க்கிடம் பேசினேன். இந்தத் தடவை உங்களுக்குத்தாங்க டீச்சர், பத்து நாள்ல ஆர்டர் வந்துரும் என்றார். போனை வைத்ததும் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காரியம் செய்தது அந்த ஒரு தடவைதான். வீட்டுக்குப் போய், "ஏனுங்க, பெட்டியில உங்க துணியையும் வெக்கட்டுங்களா?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் அந்த அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். ஸ்வெட்டருக்குள் தொங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு இப்போது பதினெட்டு வயது. என்னிடம் ஐந்து வருடம் படித்துவிட்டு, நடுவட்டத்துக்கு நடந்துபோய்ப் படித்து, ப்ளஸ் டூ முடித்திருந்தாள். என்னிடம் அந்த ஜூனில் சேர்ந்த ஏழு பேரில் ப்ளஸ் டூவரை போனது அவள் ஒருத்திதான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், சிலோனிலிருந்து திரும்பிய எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று இரண்டு இடம், தங்கிப் படிக்கச் சாப்பாட்டோடு, செலவில்லாமல். அப்பா எஸ்டேட் தொழிலாளி என்று ஒரு காகிதம் வேண்டும். எஸ்டேட் ஆபீஸ் பூட்டிக் கிடந்ததால், முதன்முதலாகச் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் பதிவேட்டு நகல் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

"நானும் டீச்சராகப் போறேன் டீச்சர்" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினேன். ‘விவசாயம், சொந்தத் தோட்டம்.’ என் அழகான கையெழுத்து, மை கொஞ்சம்கூட மங்காமல். ரெஜிஸ்டரைத் தேடணும், நாளைக்கு வாங்க என்று அவர்களை அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கடைக்குப் போய் மறுபடி போன் செய்தேன். எனக்காகக் கேட்பதுபோல் இல்லாமல், பதிவேட்டில் பழைய தப்பு இருந்தால் திருத்த முடியுமா என்று கேட்டேன். திருத்தலாமே என்றார் கிளார்க். "நீங்க விளக்கம் எழுதிக் குடுங்க. வந்து பாத்துட்டு, விசாரணை வெச்சு, ஆர்டர் போட்டுருவாங்க. ஆனா டீச்சர், விசாரணை நெலுவையில இருந்தா மாறுதல் நிக்குமுங்க. இப்ப எதுக்கு? போனதுக்கப்பறம் புதுசா வர்றவங்க பாத்துக்கட்டும்." அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். மழை பெய்ததால் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது; திருத்தினால் என் மாறுதல் நின்றுவிடுமா என்று இரண்டு தடவை கத்திக் கேட்டேன்.

மறுநாள் நகலை எழுதினேன். பதிவேட்டில் இருந்ததை அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல். நான் பொய் எழுதவில்லை. முன்னால் எழுதின தப்பைப் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். இந்த வாதத்தை எனக்குள்ளே எத்தனை தடவை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

பெண் வாங்கிப் படித்தாள். நிமிர்ந்து, "சொந்தத் தோட்டம்னு போட்டிருக்கே டீச்சர்" என்றாள்.

"ரெஜிஸ்டர்ல என்ன இருக்குதோ அதைத்தாம்மா நான் எழுத முடியும்."

அவள் மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் திறந்து கிடந்த பதிவேட்டைப் பார்த்தாள். அ எழுதக் கற்றுக்கொண்டதே அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. காகிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு, வர்றோம் டீச்சர் என்றாள். நான் வெட்கங்கெட்டவள். உடனே கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டேன்.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. எனக்கு ஆர்டர் வந்தது.

ஆர்டரைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். பழப்பெட்டிமேல் உட்கார்ந்தபடியே படித்தார். "நல்லதாப் போச்சு. நீ போ புள்ள" என்றார்.

"நீங்க?"

"அங்க வந்து நா என்னத்தப் பண்றது? உங்க அம்மா ஊட்டுல உக்காந்து சோறு திங்கறதா? இதை வாங்கறதுக்கும் ஆளில்ல. நா இங்கயே இருந்துக்கறேன்."

சண்டை போட்டேன். அழுதேன். என் வாயில் இருந்த அத்தனை கொடுக்கையும் எடுத்துக் கொட்டினேன். மனிதர் அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில், துணி உலர்த்துகிற கயிற்றைத் தேடிச் சாமான் அறைக்குப் போனேன். மேல்தட்டில் மூலையில் இருக்க வேண்டிய பூச்சிமருந்து டப்பா கீழே, கைக்கு எட்டுகிற இடத்தில், தூசி துடைத்து வைத்திருந்தது. மருந்தடிக்கிற பருவமில்லை. அந்த வருடம் எங்கள் பக்கத்திலேயே சிறு தேயிலைக்காரர் இரண்டு பேர் அந்த மருந்தைத்தான் குடித்திருந்தார்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். கை கழுவிவிட்டு வந்து, மாறுதல் வேண்டாம் என்று மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, ரோட்டுக்கு நடந்துபோய்த் தபாலில் சேர்த்தேன். டப்பாவைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை. அது எங்கே என்று அவரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம்.

அதே வாரம் பதிவேட்டுத் திருத்தத்துக்கும் விளக்கம் எழுதினேன். இனி நிறுத்துவதற்கு என்னிடம் ஒன்றுமில்லையே. கோயம்புத்தூருக்கே பஸ் ஏறி, அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு நேரில் போனேன். இரண்டு இடமும் நிரம்பிவிட்டது, நாலு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா டீச்சர் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். திரும்பி வருகிற வழியில் அன்னூர் பஸ் பக்கத்திலேயே வந்து நின்றது. அம்மாவைப் பார்க்க முகமில்லாமல் ஏறாமலேயே வந்துவிட்டேன். அடுத்த கோடையில் அம்மா போய்விட்டாள். அந்தப் பெண் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். விசாரணைக்கு வந்தவர், ஏழு கட்டத்திலும் சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எஸ்டேட் திறக்கிற வழியாக இல்லை என்று ஆனதும் அந்த அம்மா என் தோட்டத்துக்கே வேலைக்கு வந்தாள். மிச்சமிருந்த பேரிக்குப் பாசி சுரண்ட, காய் பறிக்க, பொறுக்கிப் பெட்டியில் அடுக்க. வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பேரிக்கன்று வைத்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மூன்று பேரும் அந்தச் சரிவில் காலையிலிருந்து இருட்டும்வரை இருப்போம். அவள் அதிகம் பேச மாட்டாள். முதல் இரண்டு மூன்று வருடம் என் முகத்தைப் பார்த்தே பேச மாட்டாள். மரத்தைப் பார்த்துப் பேசுவாள். வேலையிழந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல ஒவ்வொரு டிசம்பரிலும் வாயெடுப்பேன், ஒவ்வொரு டிசம்பரிலும் மென்று விழுங்குவேன். பள்ளிக்கூடத்தில் ஓய்வு வந்தது. ஓய்வு பெற்றவர் ஊருக்குப் போகலாமே என்று கேட்டார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள்? அப்புறம் என் வீட்டுக்காரரும் போனார். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவில்லாமல். இத்தனை மரத்தையும் என் தலையில் வைத்துவிட்டு.

நாலு வருடம் முந்தி ஒரு காலையில், அந்த அம்மா பையோடு வந்தாள். திருப்பூருக்கே போகிறேன், மகள் கூப்பிட்டுவிட்டாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம் என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன். இனி இவளைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்ததும் என் தைரியம் எங்கிருந்தோ வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. உங்க புள்ளைக்கு நான் எழுதிக் குடுத்தனே..."

"அந்தக் காயிதமா டீச்சர்?" என்றாள் அவள், டீயை ஆற்றியபடியே. "தெரியுமே. லயத்துக்குப் போற வழியிலயே புள்ள படிச்சுச் சொல்லிருச்சு. இது டீச்சர் கையெழுத்து, டீச்சர்தான் அன்னைக்குத் தப்பா எழுதிட்டாங்க, திரும்பிப் போயி கேப்போம்மான்னு அழுதுச்சு. நாந்தான் வேணாம்னேன்."

"ஏன் வேணாம்னீங்க?"

"நீங்க போன்ல பேசுனது கடை பூராக் கேட்டுச்சே. திருத்துனா உங்க பயணம் நின்னுரும்னு அன்னைக்கு ராத்திரியே லயத்துக்கு வந்துருச்சு பேச்சு."

அவள் டீயைக் குடித்தாள். அவசரப்படவில்லை.

"பத்தொம்பது வயசுல என்னையக் கப்பல்ல ஏத்துனப்ப, சொந்த ஊருக்குப் போறேன்னு சொல்லித்தான் ஏத்துனாங்க. நான் பொறந்து வளந்தது அங்க. இங்க வந்து எறங்கி எந்தப் பக்கம் பாத்தாலும் நமக்குன்னு ஒருத்தரில்ல. சொந்த ஊருன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சுது. கோயிலு, சந்தை, தண்ணின்னு பதிமூணு வருசமா சொன்னீங்க. எங்கள்ல ஒருத்தருக்கும் வாய்க்கல, இவங்களாச்சும் போயி சேரட்டும்னு புள்ள வாயை அடச்சேன்."

"எம்மேல கோவமில்லீங்களா?"

"தப்பா எழுதுனதுக்கு இல்ல. மறைச்சதுக்கும் இல்ல" என்றாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஆனா நீங்க போகலயே டீச்சர். இருபது வருசமா தெனமும் காலையில வேலைக்கு வந்து உங்கள இங்க பாக்குறப்பெல்லாம், எம்புள்ள படிப்பு எதுக்குப் போச்சுன்னு நெனைப்பேன்."

பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று சொன்னேன்.